நான்கு மில்லிமீட்டர்: இந்திய ரூபாய் நோட்டும் பார்வையற்றவரின் விரலும்

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதைப் பற்றி நாடே பேசித் தீர்த்துவிட்டது. வரிசையில் நின்றதைப் பேசினோம், கறுப்புப் பணத்தைப் பேசினோம், செல்லாத நோட்டுகளில் 99.3 விழுக்காடு வங்கிக்கே திரும்பி வந்துவிட்டதையும் பேசினோம். அந்த இரவில் தொடங்கிய இன்னொரு மாற்றம் பெரிய பேச்சாகவே ஆகவில்லை. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் 10 ரூபாயில் இருந்து மேலே வரை எல்லா நோட்டின் நீள அகலமும் மாறியது. கண்ணால் பார்த்துப் பணம் எண்ணுபவருக்கு அது ஒரு வாரத்தில் பழகிவிடும் சமாச்சாரம். விரலால் தடவி எண்ணுபவருக்கு, பல ஆண்டுகளாகக் கைக்குப் பழகியிருந்த கணக்கு முழுவதும் குலைந்துபோனது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். பேருந்திலும் கடையிலும் சில்லறை வாங்கும்போது ஏமாறாமல் இருக்க இவர்களுக்கு நோட்டு தருகிற துணை இரண்டுதான்: ஒன்று அதன் அளவு, மற்றது அதன் மேல் தட்டுப்படும் அச்சு. 2016-க்கு முன் இந்த இரண்டும் எப்படி இருந்தன, பிறகு என்ன ஆயின, அதைச் சரிசெய்ய யார் என்ன செய்தார்கள் என்பதை இங்கே பார்க்கலாம்.

பழைய வரிசையின் ஒழுங்கு

நோட்டின் அளவு மாறுவது புதிதல்ல. அறுபதுகளின் பொருளாதார நெருக்கடியில் செலவைக் குறைக்க, 1967-ல் ரிசர்வ் வங்கி நோட்டுகளின் அளவைச் சுருக்கியது. காந்தியின் படம் 1969-ல் நூற்றாண்டு நினைவு நோட்டில் வந்தது, 1987-ல் 500 ரூபாயில் வந்தது, 1996 முதல் ஒரு முழு வரிசையாகவே வரத் தொடங்கியது. இன்றும் பலருடைய பர்ஸில் கிடக்கும் ‘பழைய நோட்டு’ அந்த மகாத்மா காந்தி வரிசைதான்.

அந்த வரிசையின் அளவுகளை எழுதி வைத்துப் பார்த்தால் யோசித்துச் செய்த வேலை என்பது புரியும். 10 ரூபாய் 137 மில்லிமீட்டர் நீளம், 63 உயரம். 20 ரூபாய் அதே 63 உயரத்தில் 147 நீளம். 50 ரூபாய்க்கு நீளம் அதே 147, ஆனால் உயரம் 73 ஆகிவிடும். அப்புறம் உயரம் 73-லேயே நின்றுகொள்ள, 100 ரூபாய் 157, 500 ரூபாய் 167, 1000 ரூபாய் 177 என்று நீளம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். எங்கே பார்த்தாலும் படி பத்து மில்லிமீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டர். உயரத்தைத் தொட்டதுமே இது சின்ன நோட்டா, ஐம்பதும் அதற்கு மேலுமா என்று தெரிந்துவிடும். பிறகு நீளத்தைப் பார்த்தால் போதும். அடுத்தடுத்த எந்த இரண்டு நோட்டை எடுத்தாலும் ஒன்று மற்றதைவிட ஒரு பக்கத்திலாவது முழு சென்டிமீட்டர் பெரியது. நோட்டு கசங்கியிருந்தாலும் ஓரம் மடிந்திருந்தாலும் இந்த வித்தியாசம் விரலுக்குத் தப்பாது.

அச்சிலும் அதே வரிசை ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. செதுக்கிய தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, தாளை அதன்மேல் பலமாக அழுத்தினால் மை தாளின் மேல் மேடாக ஒட்டிக்கொள்ளும். இதைப் புடைப்பு அச்சு என்கிறோம். காந்தியின் படத்தை நகத்தால் நெருடினால் சொரசொரவென்று படுவது இதனால்தான். இந்த அச்சில், நீர்க்குறிக்கு (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் படத்துக்கு) இடப்புறம், ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு வடிவம் வைத்தார்கள். 20 ரூபாய்க்கு நிமிர்ந்த செவ்வகம், 50-க்குச் சதுரம், 100-க்கு முக்கோணம், 500-க்கு வட்டம், 1000-க்கு வைர வடிவம். 10 ரூபாய்க்கு மட்டும் இல்லை. ஒரு வடிவத்தைத் தொட்டு அறியத் தெரிந்தால் போதும், எழுத்து வேண்டாம், பிரெய்ல் வேண்டாம், மொழியும் வேண்டாம்.

இதில் குறை இருந்தது. மேடாக நிற்கும் மை கைபடக் கைபடத் தேயும். பருத்தி இழைத் தாள் வியர்வையையும் அழுக்கையும் இழுத்துக்கொள்ளும். சில ஆண்டுகள் சுற்றிவந்த 20 ரூபாயில் அந்தச் செவ்வகம் இருந்ததற்கான அடையாளமே இருக்காது. அதனால் நடைமுறையில் பலரும் நம்பியது அளவைத்தான். குறி ஒரு கூடுதல் சாட்சி. அளவை வைத்தே, ஒவ்வொரு நோட்டையும் ஒவ்வொரு விதமாக மடித்து வைப்பது, தனித்தனிப் பையில் பிரித்து வைப்பது, விரலின் எந்தக் கணு வரை வருகிறது என்று பழகி வைப்பது என்று அவரவருக்கு ஒரு முறை இருந்தது.

ரிசர்வ் வங்கிக்கும் இந்தக் குறை தெரிந்திருந்தது. 2015-ல் 100, 500, 1000 ரூபாய் நோட்டுகளில் அந்த வடிவங்களைப் பாதி மடங்கு பெரிதாக்கினார்கள். இரண்டு ஓரங்களிலும் சாய்ந்த கோடுகளைப் புடைப்பு அச்சில் சேர்த்தார்கள்: நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து, ஆயிரத்துக்கு ஆறு. நோட்டைக் கையில் வாங்கியதும் விரல் முதலில் படுவது ஓரத்தில்தான். அங்கேயே எண்ணிப் பார்க்கும்படி கோடு வைத்தது நல்ல வடிவமைப்பு. இதை மனதாரச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு சொல்லப்போவதில் பாராட்ட அதிகம் இல்லை. அந்த மூன்றில் இரண்டு நோட்டுகள் மறு ஆண்டே செல்லாமல் போயின.

மாறிய அளவுகள்

நவம்பரில் முதலில் வந்தது 2000 ரூபாய் (2023-ல் புழக்கத்தில் இருந்து திரும்பப் பெறப்பட்டது): 166 நீளம், 66 உயரம். தொடர்ந்து புதிய 500: 150-க்கு 66. 2017 ஆகஸ்டில் 50 ரூபாயும் (135-க்கு 66), அதுவரை இல்லாத 200 ரூபாயும் (146-க்கு 66) வந்தன. 2018-ல் 10 ரூபாய் (123-க்கு 63), 100 ரூபாய் (142-க்கு 66). 2019-ல் 20 ரூபாய் (129-க்கு 63).

பழைய வரிசையில் 63, 73 என்று இருந்த உயரம் இப்போது 63, 66. சின்ன நோட்டையும் பெரிய நோட்டையும் பிரித்துக் காட்டிய பத்து மில்லிமீட்டர் மூன்றாகச் சுருங்கிவிட்டது. நீளத்தில் 10-க்கும் 20-க்கும் இடையே ஆறு, 20-க்கும் 50-க்கும் ஆறு, 50-க்கும் 100-க்கும் ஏழு. நூறுக்கும் இருநூறுக்கும் நான்கு. இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் அதே நான்கு. பணத்தின் மதிப்பு ஏறி, ஏமாந்தால் இழப்பது கூடும் இடத்தில் நோட்டுகளுக்கு இடையிலான வித்தியாசம் குறைகிறது. இருக்க வேண்டியது இதற்கு நேர்மாறாக.

நான்கு மில்லிமீட்டர் என்பது ஒரு பென்சிலின் பாதித் தடிமன். இரண்டு நோட்டையும் கையில் வைத்து, ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்து, மறுமுனையைத் தடவினால் தெரியும்தான். ஆனால் கடைக்காரர் நீட்டுவது ஒரே நோட்டு. ஒப்பிட இன்னொன்று கையில் இருக்காது. அது புத்தம் புதிதாகவும் இருக்காது.

இது புதிய நோட்டுகளுக்குள் மட்டும் இருக்கும் சிக்கல். இதைவிடப் பெரியது பழையதும் புதியதும் ஒன்றாகப் புழங்குவதில் இருக்கிறது. 500, 1000 தவிர மற்ற பழைய மகாத்மா காந்தி வரிசை நோட்டுகள் செல்லுபடியாகவே இருந்தன. எனவே ஒரே பையில் இரண்டு அளவுமுறைகள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் இதன் தீவிரம் எனக்கு உறைத்தது. பழைய 10 ரூபாய் 137 நீளம். புதிய 50 ரூபாய் 135. பழைய 20 ரூபாய் 147. புதிய 200 ரூபாய் 146. ஒரு மில்லிமீட்டர்! உயரத்தில் மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு, அவ்வளவே. புதிய 500 ரூபாயும் பழைய 20 ரூபாயைவிட நீளத்தில் மூன்று, உயரத்தில் மூன்று மட்டுமே கூடுதல்.

மேசையில் ஒரு பழைய இருபதின் மேல் புதிய ஐந்நூறை, இடது கீழ் மூலை பொருந்தும்படி வைத்துப் பார்த்தேன். மேலேயும் வலப்பக்கமும் ஐந்நூறின் ஓரம் ஒரு மெல்லிய பட்டையாக வெளியே தெரிகிறது. கண்ணுக்கு அது நிறத்தால் பளிச்சென்று தெரிகிறது: இருபது சிவப்பு, ஐந்நூறு சாம்பல். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எது எது என்று அளவை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஐந்நூறின் ஓரக் கோடுகளைத் தேடிப் பிடித்த பிறகே தெரிந்தது. பல ஆண்டுகளாக விரலால் எண்ணிப் பழகியவர் என்னைவிடத் திறமையாகவே செய்வார். ஆனால் அந்தத் திறமை உருவானது பழைய அளவுகளை வைத்து. 147 மில்லிமீட்டர் பக்கம் நீளமும் குட்டை உயரமும் என்றால் இருபது என்று கை கற்றுவைத்திருக்கிறது. அதே இடத்தில் இப்போது இருநூறும் ஐந்நூறும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

புடைப்புக் குறிகள் தொடர்ந்தன, பெரிய நோட்டுகளுக்கு மட்டும். நூறுக்கு முக்கோணமும் நான்கு கோடுகளும். ஐந்நூறுக்கு வட்டமும் ஐந்து கோடுகளும். இரண்டாயிரத்துக்குப் படுத்த செவ்வகமும் ஏழு கோடுகளும். இருநூறுக்கு ஆங்கில H வடிவக் குறி. ஓரத்தில் நான்கு கோடுகளும் அவற்றுக்கு நடுவே இரண்டு வட்டங்களும். நூறுக்கும் நான்கு, இருநூறுக்கும் நான்கு என்று வைத்துவிட்டு, நடுவில் உள்ள சிறு வட்டங்களை வைத்துப் பிரித்துக்கொள் என்பது விரலிடம் அதிகம் கேட்பது. ஐம்பதுக்கும் அதற்குக் கீழும் குறியே இல்லை. 2018-ல் ரிசர்வ் வங்கியே தன் அறிக்கையில், பார்வையற்றோருக்கான புடைப்புக் குறிகள் நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் இருப்பதாகச் சொன்னது. தினசரி அதிகம் கைமாறும் 10, 20, 50 மூன்றுக்கும் துணை அளவு மட்டும்தான். அந்த அளவும் குழம்பிப்போனது.

ஓரளவு பார்வை உள்ளவர்களுக்குப் புதிய வரிசையில் நன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நோட்டுக்கு ஒரே அழுத்தமான நிறம் என்ற முறை அவர்களுக்கு உதவுகிறது. ஐம்பதின் பளீர் நீலமும் நூறின் இளம் ஊதாவும் தூரத்திலேயே தெரியும். இருபதும் இருநூறும் இரண்டுமே மஞ்சள் பக்கம் போனதை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

இயந்திரத்துக்குக் கிடைத்த கவனம்

அளவு மாறினால் தடுமாறுவது விரல் மட்டுமல்ல. ஏடிஎம்முக்குள் நோட்டுக் கட்டை வைக்கும் கேசட் குறிப்பிட்ட நீள உயரத்துக்குப் பொருத்தப்பட்டது. 73 மில்லிமீட்டர் உயரத்துக்கு அமைத்ததில் 66 மில்லிமீட்டர் நோட்டை வைத்தால் அது சரியாக எடுத்துத் தராது. நாட்டில் அப்போது இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களை ஆள் போய் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டியிருந்தது. இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், ரகசியம் காக்க வேண்டியிருந்ததால் முன்கூட்டியே செய்ய முடியவில்லை என்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி சொன்னார். நவம்பர் 14 அன்று, அதாவது அறிவிப்பு வந்து ஆறாம் நாள், ரிசர்வ் வங்கி அதன் துணை ஆளுநர் எஸ்.எஸ். முந்த்ரா தலைமையில் இதற்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது.

அது தேவையான வேலைதான். மக்கள் பணமின்றித் தவித்த நேரம் அது. ஆனால் இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுவே. அளவு மாறினால் இயந்திரம் தடுமாறும் என்பது உடனே புரிந்தது, ஆறு நாளில் குழு வந்தது. அதே அளவை நம்பி வாழும் மனிதர்களுக்காக என்ன செய்வது என்ற கேள்வி ரிசர்வ் வங்கியின் கொள்கை அறிக்கையில் இடம்பிடித்தது 2018 ஜூன் 6 அன்று. பார்வையற்றோர் நோட்டை அடையாளம் காண ஒரு கருவியோ வழிமுறையோ உருவாக்க முடியுமா என்று ஆராயப்போவதாக அதில் சொன்னார்கள். அதற்குள் புதிய 2000, 500, 200, 50, 10 ஐந்தும் வெளியாகிவிட்டன.

நோட்டின் வடிவமும் தாளும் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் முடிவாகின்றன: வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைக்கும், மத்திய அரசு ஒப்புதல் தரும். 2000 ரூபாயை ரகசியமாகத் தயாரித்தபோது வெளியாரைக் கலந்துபேச வழியில்லை என்றால் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். 2017-ல் வந்த 50-க்கும் 2018-ல் வந்த 100-க்கும் என்ன ரகசியம்? அப்போது செல்லாதென அறிவிக்க எதுவும் இல்லை. நிதானமாக யோசித்து, பார்வையற்றோர் அமைப்புகளிடம் மாதிரியைக் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லி, அதன் பிறகு அச்சிட்டிருக்க முடியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேறு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது.

நீதிமன்றமும் செயலியும்

தில்லி உயர் நீதிமன்றத்திலும் பம்பாய் உயர் நீதிமன்றத்திலும் பொதுநல வழக்குகள் போடப்பட்டன. பம்பாய் வழக்கைத் தொடுத்தது பார்வையற்றோருக்கான தேசிய சங்கம். நோட்டின் அளவையும் அம்சங்களையும் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டிய கட்டாயம் என்ன என்று 2019-ல் அந்த நீதிமன்றம் ரிசர்வ் வங்கியைக் கேட்டது. பத்து மில்லிமீட்டர் நான்கானதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும் என்றால் அதைச் சொல்வதற்கான இடம் அதுதான்.

2020 ஜனவரி 1 அன்று ‘மணி’ என்ற கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. கேமராவுக்கு முன் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று குரலில் சொல்லும். காது கேளாதவருக்கு அதிர்வால் உணர்த்தும். மடித்த நோட்டையும் இனங்காணும். இணையம் தேவையில்லை. முதலில் இந்தியும் ஆங்கிலமும் இருந்தன, பிறகு தமிழ் உட்படப் பிற மொழிகளும் சேர்ந்தன. நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது. உழைத்துச் செய்த நல்ல கருவி, வீட்டில் உட்கார்ந்து பணத்தைப் பிரித்து வைக்க மிக உதவியானது.

ஆனால் பணம் கைமாறுவது வீட்டில் அல்ல. கூட்டமான பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், நடத்துநர் திணித்த சில்லறையைச் சரிபார்க்க இன்னொரு கையில் நோட்டையும் கைப்பேசியையும் எப்படிப் பிடிப்பார்? இந்தச் செயலிக்கு ஸ்மார்ட்போன் வேண்டும், அதில் சார்ஜ் வேண்டும், ஓரளவு வெளிச்சம் வேண்டும். ‘ஐந்நூறு ரூபாய்’ என்று கைப்பேசி சந்தையின் நடுவே உரக்கச் சொல்வது யாருக்குமே பாதுகாப்பானதல்ல. நோட்டே சொல்ல வேண்டியதைச் செயலி சொல்கிறது. துணையாக இருக்கலாம், மாற்றாக முடியாது.

மற்ற நாடுகளில்

யூரோ நோட்டை வடிவமைத்தபோது ஐரோப்பியப் பார்வையற்றோர் ஒன்றியத்திடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டார்கள். 5 யூரோ 120-க்கு 62, 10 யூரோ 127-க்கு 67, 20 யூரோ 133-க்கு 72, 50 யூரோ 140-க்கு 77. கவனியுங்கள், நீளத்தில் அங்கேயும் படி ஆறு, ஏழு மில்லிமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் உயரமும் ஐந்து கூடுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றாக மாறுவதால் விரலுக்கு இரண்டு சாட்சிகள் கிடைக்கின்றன. சிறிய பர்ஸில் அடங்கும் நோட்டு வேண்டுமென்றாலும் இப்படிச் செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று. கனடாவில் எல்லா நோட்டும் ஒரே அளவு. அதற்கு ஈடாக 2001 முதல் தொட்டுணரும் புள்ளிக் கூட்டங்களை வைத்தார்கள், நோட்டைப் படித்துச் சொல்லும் கருவியையும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2016-ல் தொடங்கிய வரிசையில் நீண்ட ஓரங்களில் மேடுகள்: 5 டாலருக்கு ஒன்று, 10-க்கு இரண்டு, 20-க்கு மூன்று, 50-க்கு நான்கு, 100-க்கு ஐந்து. மிகச் சிறிய நோட்டில் இருந்தே எண்ணிக்கை தொடங்குகிறது. அமெரிக்காவில் எல்லா டாலரும் ஒரே அளவில் இருப்பது பார்வையற்றோரைப் பாகுபடுத்துகிறது என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

நம் நோட்டின் பின்பக்கப் பட்டியில் 15 மொழிகள் இருக்கின்றன. தமிழ் பதின்மூன்றாவது வரி. முன்பக்க இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் 17 மொழிகளில் இது எவ்வளவு பணம் என்று அந்தத் தாள் சொல்கிறது. படிக்கத் தெரிந்த கண்களுக்கு இவ்வளவு அக்கறை காட்டும் ஒரு நோட்டு, விரலுக்கு ஒரு சிறு சதுரத்தைக் கூட விட்டுவைக்காமல் ஐம்பது ரூபாயை அச்சிட்டிருக்கிறது.

இனி செய்யக்கூடியவை

அளவை மறுபடியும் மாற்றச் சொல்வது எளிது, ஆனால் அதை நான் கேட்க மாட்டேன். மூன்றாவது அளவுமுறை ஒன்று வந்தால் குழப்பம் இன்னும் கூடும், ஏடிஎம்களையும் மறுபடி திறக்க வேண்டும். இருக்கும் அளவுக்குள்ளேயே செய்ய இடம் இருக்கிறது.

முதல் வேலை, பழைய வரிசையின் 10, 20 ரூபாயைப் புழக்கத்தில் இருந்து விரைவாக வடிகட்டுவது. வங்கிக்கு வருவதைத் திரும்ப வெளியே விடாமல் நிறுத்தினாலே போதும். இருநூறோடும் ஐந்நூறோடும் மோதும் பழைய இருபதும், ஐம்பதோடு மோதும் பழைய பத்தும் போய்விட்டால் பெரிய ஆபத்து நீங்கிவிடும். இருநூறின் ஓரத்தில் நூறோடு குழம்பாத வேறு அமைப்பு வேண்டும். தனியாக ஒரு நீண்ட பட்டையை வைத்தால்கூட நல்லது.

சிறிய நோட்டுக்குப் புடைப்பு அச்சு கட்டுப்படியாகாது, சீக்கிரம் தேயும் என்றால் அது நியாயமான கவலைதான். அதற்கான விடை நம்மிடமே இருக்கிறது. 2019 மார்ச் 7 அன்று வெளியான புதிய நாணய வரிசையில் மதிப்பு கூடக் கூட அளவும் எடையும் கூடும்படி வைத்திருக்கிறார்கள். பார்வையற்றோரை மனதில் வைத்துச் செய்தது என்று வெளிப்படையாகச் சொல்லியே வெளியிட்டார்கள். 20 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் விட்டம், பன்னிரண்டு பக்கம். கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டாலும் அது தனியாகத் தெரியும். தேயாது, மடியாது. 10, 20 ரூபாய் நாணயங்கள் தாராளமாகப் புழங்கினால் அந்த இரண்டு நோட்டின் பிரச்சினை பெருமளவு தீரும். கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பது எவ்வளவு தவறு என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

மிச்சம் இருப்பது ஐம்பது ரூபாய் ஒன்றுதான். அதற்கு நாணயம் இல்லை. ஹம்பியின் கல் தேரை அத்தனை நுணுக்கமாக வரைந்த அந்த நீல நோட்டில் ஓரத்தில் மூன்று புடைப்புக் கோடுகளும், 1996 வரிசையில் கொடுத்த அதே சதுரமும் திரும்ப வர வேண்டும். அடுத்த அச்சிலேயே செய்யலாம், நீள அகலத்தில் கைவைக்கத் தேவையில்லை.